மேல்தூணுக்குக் கீழே தூண் இல்லை… நிலம் நடுங்கினால் கட்டடம் நிற்பது எப்படி, தெரியுமா?

பனியன் நகரமான திருப்பூர் இப்போது உயரத்தில் வளர்கிறது! கீழே ஷோரூம், பார்க்கிங். அதற்கு மேலே கல்யாண மண்டபமோ, பவர் டேபிள்கள் வரிசைகட்டும் தையல் ஹாலோ. அதற்கும் மேலே வீடுகள், விடுதி அறைகள். அகன்ற ஹாலுக்கு நடுவே தூண் வந்தால் இடைஞ்சல். சின்ன அறைகளுக்கோ நெருக்கமாகத் தூண் வேண்டும். விளைவு? மேல்மாடித் தூண்கள் பலவற்றுக்கு நேர்கீழே தூணே இருக்காது! அவை சுமக்கும் நூற்றுக்கணக்கான டன் எடை எங்கே போகிறது? நிலம் குலுங்கினால் அந்த இடத்தில் என்ன நடக்கும்? படிக்கப் படிக்க வியப்பும், கொஞ்சம் பொறுப்பும் கூடும் செய்திகள் இதோ!

1. கொங்கு மண்ணும் குலுங்கியிருக்கிறது, தெரியுமா?

நிலநடுக்கம் என்றால் குஜராத், இமயமலை, ஜப்பான் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூர், பாலக்காடு வட்டாரத்தையே ஒரு நிலநடுக்கம் உலுக்கியது! ரிக்டர் அளவில் சுமார் 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. தீபகற்பத்தின் தென்பகுதியில் பதிவான பெரிய நிலநடுக்கங்களில் அதுவும் ஒன்று.

கோவையிலிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர்தான். அன்று இது கோவை மாவட்டத்து ஊர். தனி மாவட்டம் ஆனது 2009இல். 1900இல் இங்கே அடுக்குமாடிகள் இல்லை. இன்று அதே அளவு அதிர்வு வந்தால், அது சந்திக்கப்போவது ஆயிரக்கணக்கான கான்கிரீட் மாடிகளை!

நம் நாட்டின் நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு கோயம்புத்தூர், சேலம், சென்னை ஆகிய நகரங்களை 3ஆம் மண்டலத்தில் வைக்கிறது. மிதமான ஆபத்து என்று பொருள். மிதமான ஆபத்து என்பதால் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. மகாராஷ்டிராவின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 அன்று வந்தது 6.2 அளவுதான். ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின!

2. நிலநடுக்கம் தூரம் பார்ப்பதில்லை, தெரியுமா?

2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை 8.46. புஜ் பகுதியில் பூமி நடுங்கியது. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில் பல மாடிக் கட்டடங்கள் சரிந்தன! அந்த ஒரு நகரத்தில் மட்டும் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

விழுந்த பல கட்டடங்களில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. ஒன்று, தரைத்தளம் முழுக்கப் பார்க்கிங்குக்காகச் சுவரில்லாமல் திறந்து கிடந்தது. இன்னொன்று, மேல்மாடிகளை வெளியே நீட்டி, நீட்டிய பீமின் நுனியில் தூண்களை ஏற்றியிருந்தார்கள். தரைவரை இறங்காத இந்தத் தூண்களை இன்ஜினீயர்கள் ‘ஃப்ளோட்டிங் காலம்’ என்கிறார்கள். மிதக்கும் தூண்!

2025 மார்ச் 28 நினைவிருக்கிறதா? மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம். சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த சுமார் 30 மாடிக் கட்டடம் ஒன்று சில நொடிகளில் நொறுங்கி விழுந்தது. தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகள் உயரமான கட்டடங்களைத்தான் அதிகம் ஆட்டும். பாங்காக்கின் மென்மையான களிமண் அந்த ஆட்டத்தை இன்னும் பெருக்கியது!

3. ஒரு மாடியே சுமைதாங்கியாகிறது, தெரியுமா?

மேலே நெருக்கமாக இறங்கும் தூண்களையும் சுவர்களையும் ஒரு தளத்தில் நிறுத்தி, அவற்றின் எடையைப் பக்கவாட்டில் கடத்தி, கீழே தள்ளித்தள்ளி நிற்கும் பெரிய தூண்களிடம் ஒப்படைப்பதுதான் டிரான்ஸ்ஃபர் ஃப்ளோர். தமிழில் சுமை மாற்றும் தளம் எனலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஆளுயரத்துக்கும் மேலான ராட்சத பீம்களை ஓட்டுவது ஒன்று. தளம் முழுவதையும் ஒரே கெட்டியான கான்கிரீட் பலகையாக வார்ப்பது மற்றொன்று. ஹாங்காங்கில் கீழே வணிக வளாகம், மேலே 30, 40 மாடி வீடுகள் என்று நிற்கும் கோபுரங்களில் இந்தப் பலகை 2, 3 மீட்டர் கனம்கூட இருக்கும்! நம் வீட்டு ஸ்லாப் எவ்வளவு? வெறும் 5, 6 அங்குலம்!

4. கட்டடத்தைத் தாக்குவது அதன் சொந்த எடைதான், தெரியுமா?

நிலநடுக்கம் வெளியிலிருந்து வந்து கட்டடத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. நிலம் சட்டென்று ஒரு பக்கம் நகர்கிறது. கட்டடத்தின் எடையோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அந்த இழுபறியே விசையாகிறது. எடை கூடக் கூட விசையும் கூடும்!

இப்போது யோசித்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் ஃப்ளோர்தான் கட்டடத்திலேயே மிகக் கனமான தளம். ஆகவே குலுக்கல் வரும்போது மிகப் பெரிய பக்கவாட்டு விசை பிறக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பாரத்தைச் சுமக்க வந்த தளமே புதிய பாரத்தையும் உண்டாக்குகிறது!

இன்னொரு வியப்பு: நீங்கள் அடுக்கும் துணி ரோல்களும் இந்தக் கணக்கில் வருகின்றன! சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோவுக்கு மேல் சுமை வைக்கத் திட்டமிட்ட தளமானால், அந்தச் சுமையில் பாதியைக் கட்டடத்தின் நிலநடுக்க எடையோடு சேர்க்கச் சொல்கிறது ஐ.எஸ். 1893. ஆபீஸுக்கென்று டிசைன் செய்த மாடியைக் குடோனாக மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

5. வரும் விசையில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் டிசைன், தெரியுமா?

நம்புவதற்குச் சிரமம், ஆனால் உண்மை! 3ஆம் மண்டலத்தில் 5,000 டன் எடையுள்ள 5, 6 மாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். விதியின்படி கணக்கிட்டால், கொஞ்சமும் சேதமில்லாமல் நிற்க அது சுமார் 1,000 டன் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். ஆனால் இன்ஜினீயர் டிசைன் செய்வது சுமார் 200 டன்னுக்கு மட்டும்!

மீதி 800 டன்? அதைக் கட்டடம் வளைந்து கொடுத்துச் சமாளிக்கிறது. பனியன் துணியை இழுத்துப் பாருங்கள்: கண்ணிகள் நெகிழ்ந்து நீள்கின்றன, நூல் அறுவதில்லை. இரும்புக் கம்பியைச் சரியாகக் கட்டிய கான்கிரீட்டும் அப்படியே வளையும், விரிசல் விடும், ஆனால் ஒரேயடியாக நொறுங்காது. விரிசல் விடும் அந்த வேலையிலேயே அதிர்வின் ஆற்றல் செலவாகிவிடும்.

டிரான்ஸ்ஃபர் ஃப்ளோருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது! அங்கே ஒரு பீம் தளர்ந்தாலும் அதன் மேல் நிற்கும் எல்லா மாடிகளும் ஆபத்தில். அதனால் நிலநடுக்கத்திலும் அது வளையாமல் உறுதியாக நிற்கும்படி கூடுதல் பலத்தோடு டிசைன் செய்வார்கள். தரைக்கு இறங்காத சுவர்களைத் தாங்கும் உறுப்புகளுக்கு, கட்டட அமைப்பைப் பொறுத்து, வழக்கமான நிலநடுக்க விசையைப்போல் 2 முதல் 3 மடங்கு வரை கணக்கில் எடுக்கச் சொல்கின்றன அமெரிக்க விதிகள்.

6. சின்ன ரிங்கின் கொக்கி உயிர் காக்கும், தெரியுமா?

தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைக் கவனித்திருப்பீர்கள். அதன் நுனியை 90 டிகிரியில் மடித்து விட்டால், குலுக்கலில் மேல்பூச்சு உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். உள்ளே இருக்கும் கான்கிரீட் பிதுங்கி வெளியேறும். தூண் போனது! அதே நுனியை 135 டிகிரி மடித்துத் தூணின் உட்புறமாகத் திருப்பிவிட்டால் ரிங் விரியாது, கான்கிரீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்!

இதைத்தான் ஐ.எஸ். 13920 விதி வற்புறுத்துகிறது. தூணின் மேல், கீழ் நுனிப் பகுதிகளில் ரிங்குக்கும் ரிங்குக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தரைக்கு இறங்காத சுவரைத் தாங்கும் தூண் என்றால் இன்னும் கண்டிப்பு: நுனியில் மட்டுமல்ல, அதன் முழு உயரத்துக்கும் இந்த நெருக்கமான ரிங் வேண்டும்! கம்பி கட்டுபவரின் கையில் சில விநாடி வேலை. மேலே குடியிருக்கும் அத்தனை குடும்பங்களுக்கும் அதுதான் காவல்.

7. உணர்கருவிகள் பொருத்திய கட்டடமே நொறுங்கிப் பாடம் சொன்னது, தெரியுமா?

கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோ நகரில் இம்பீரியல் மாவட்ட அலுவலகக் கட்டடம். ஆறு மாடி. 1971இல் கட்டியது, விதிப்படி டிசைன் செய்தது. 1979 அக்டோபர் 15 அன்று 6.5 அளவு நிலநடுக்கம் வந்தது. கிழக்கு ஓரத்தின் தரைத்தளத் தூண்கள் நசுங்கிவிட்டன!

ஏன்? மேலிருந்து இறங்கிய கெட்டியான சுவர் தரைத்தளத்தோடு நேர்கோட்டில் தொடரவில்லை. குலுக்கலில் அந்த உயரமான சுவர் முன்னும் பின்னும் சாயப் பார்த்தது. சாயும் ஒவ்வொரு முறையும் அதன் ஓரம் கீழிருக்கும் தூண்களை மாறி மாறி அழுத்தியது, இழுத்தது. கட்டடத்துக்குள் இருந்த உணர்கருவிகள் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தன. சுவரைப் பாதியில் நிறுத்தினால் தூணுக்கு என்ன நேரும் என்பதை உலகம் நேரடிப் பதிவாகவே பார்த்தது! பழுதுபார்க்க முடியாத அந்தக் கட்டடத்தை இடித்தே தீர வேண்டியிருந்தது.

8. பீம் பலசாலியாக இருப்பதே ஆபத்தாகலாம், தெரியுமா?

பெரிய பீம் போட்டால் கட்டடம் பலம் என்று தோன்றும். குலுக்கலில் நடப்பது வேறு! ராட்சத டிரான்ஸ்ஃபர் பீம் அசையாது. அப்படியானால் வளைய வேண்டியது யார்? அதற்குக் கீழே நிற்கும் தூண்! மேல்மாடிகள் ஒட்டுமொத்தமாக ஒரே கட்டியாக அசைய, எல்லா வளைவும் கீழ்த்தளத் தூண்களில் வந்து குவிந்துவிடும். தூண் தளர்வதற்குப் பதில் பீம் தளர வேண்டும் என்பதே நிலநடுக்கப் பொறியியலின் பாலபாடம். டிரான்ஸ்ஃபர் ஃப்ளோரில் அது தலைகீழாகிறது.

விடை என்ன? லிஃப்ட், மாடிப்படியைச் சுற்றி எழும் ஷியர் வால் எனப்படும் கான்கிரீட் சுவர்களை எந்தத் தளத்திலும் வெட்டாமல் அஸ்திவாரம் வரை நேராக இறக்க வேண்டும்! பக்கவாட்டு விசையை அவை வாங்கிக்கொள்ளும். தூண்களுக்குச் சுமை தாங்கும் வேலை மட்டும் மிஞ்சும். டிரான்ஸ்ஃபர் ஃப்ளோர் உள்ள கட்டடம் நிலநடுக்கத்தில் பிழைப்பது பெரும்பாலும் இந்தச் சுவர்களின் தயவால்தான்.

குலுக்கல் மேலும் கீழுமாகவும் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. நீளமான இடைவெளியைத் தாண்டும் பீமுக்கு அது கூடுதல் சோதனை. இத்தகைய கட்டடங்களில் செங்குத்து அதிர்வையும் கணக்கிடச் சொல்கிறது நம் விதி.

9. நடுமாடி மட்டும் காணாமல் போன கட்டடம் உண்டு, தெரியுமா?

1995 ஜனவரி 17. ஜப்பானின் கோபே நகரம். நகராட்சியின் பழைய அலுவலகக் கட்டடத்தில் கீழ் மாடிகள் நின்றன, மேல் மாடிகளும் நின்றன. நடுவே 6ஆவது மாடி மட்டும் நசுங்கிக் காணாமல் போயிருந்தது! அதற்குக் கீழே கான்கிரீட்டுக்குள் எஃகுச் சட்டம் வைத்த பலமான அமைப்பு. அதற்கு மேலே வெறும் கம்பி கான்கிரீட். பலம் திடீரென்று மாறும் மட்டத்தைத் தேடிப்பிடித்து அடிக்கிறது நிலநடுக்கம்.

அதனால்தான் டிரான்ஸ்ஃபர் ஃப்ளோர் எத்தனையாவது மாடியில் வருகிறது என்பதும் முக்கியம். உயரே போகப் போக ஆபத்து கூடும். கடுமையான அதிர்வுப் பகுதிகளில் அதை 3ஆவது தளத்துக்கு மேலும், அதற்கடுத்த பகுதிகளில் 5ஆவது தளத்துக்கு மேலும் வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது சீன விதி. மேலும் கீழும் உள்ள தளங்களின் விறைப்புக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது என்றும் கட்டுப்படுத்துகிறது.

நம் தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள்! 1010இல் முடிந்த விமானம், 60 மீட்டருக்கும் மேல் உயரம். அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல். எடை எங்கும் திசைமாறாமல் சுவர் வழியே நேராக மண்ணுக்கு இறங்குகிறது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது!

10. டிரான்ஸ்ஃபர் ஃப்ளோரையே அதிர்வுதாங்கியாக்கிய கட்டடம் எது, தெரியுமா?

இதுதான் உச்சகட்ட வியப்பு! டோக்கியோவின் ஷியோடோமே சுமிடோமோ கட்டடம், 2004இல் எழுந்தது. கீழ்ப்பகுதியில் ஹோட்டல், மேல்பகுதியில் அலுவலகங்கள். இரண்டுக்கும் தூண் அமைப்பு வேறு வேறு. சந்திக்கும் மட்டத்தில் வெறும் டிரான்ஸ்ஃபர் ஃப்ளோரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 11ஆவது மாடிக்கு மேலே ரப்பர் தாங்கிகளையும் அதிர்வை உறிஞ்சும் டேம்பர்களையும் பொருத்திவிட்டார்கள்! கீழே கட்டடம் குலுங்கும்போது மேல்மாடிகள் அந்த ரப்பரின் மீது மெல்ல அசைகின்றன. பலவீனமாகியிருக்க வேண்டிய மட்டமே கட்டடத்தின் பாதுகாப்பு அரணாகிவிட்டது!

நம் நாட்டிலும் ரப்பர் தாங்கி உண்டு. 2001இல் இடிந்த புஜ் அரசு மருத்துவமனையை மீண்டும் கட்டியபோது, நியூசிலாந்தில் பிறந்த ஈயம் பதித்த ரப்பர் தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். 2004இல் அது திறக்கப்பட்டது.

11. கட்டடங்களை வேண்டுமென்றே குலுக்கிப் பார்க்கிறார்கள், தெரியுமா?

ஜப்பானின் மிக்கி நகரில் இ-டிஃபென்ஸ் என்றொரு மேடை இருக்கிறது. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். 1,200 டன் எடையுள்ள உண்மையான கட்டடத்தையே அதன்மேல் ஏற்றி, கோபே நிலநடுக்கத்தை அப்படியே மறுபடி நிகழ்த்திக் காட்டுவார்கள்! ஹாங்காங் ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபர் பிளேட் உள்ள உயரக் கட்டடத்தின் 20இல் ஒரு பங்கு மாதிரியைச் செய்து குலுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை தரமணியில் இயங்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் குலுக்கு மேடைகள் உண்டு! ஐ.ஐ.டி. கான்பூர் வெளியிட்ட நிலநடுக்கக் குறிப்புகள், பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எளிய படங்களோடு எழுதியவை, திறந்த தரைத்தளத்தின் ஆபத்தைப் பாமரருக்கும் புரியவைக்கின்றன. அறிவுக்கு இங்கே பஞ்சமே இல்லை!

12. நம் விதி மிதக்கும் தூணைப் பற்றி என்ன சொல்கிறது, தெரியுமா?

பக்கவாட்டு விசையைத் தாங்கும் முதன்மை அமைப்பில் மிதக்கும் தூண் இருக்கவே கூடாது என்கிறது ஐ.எஸ். 1893இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு. திறந்த தரைத்தளத்துக்கும் ஷியர் வால் அல்லது குறுக்குச் சட்டங்கள் கேட்கிறது. 50 மீட்டருக்கு மேல் 250 மீட்டர் வரையான கான்கிரீட் கட்டடங்களுக்கு 2017இல் ஐ.எஸ். 16700 என்ற தனி விதியே வந்தது.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் ‘உயர்மாடி’. ஆனால் நிலநடுக்கம் இந்த அளவுகோலைப் பார்ப்பதில்லை. அகமதாபாத்தில் விழுந்தவை பெரும்பாலும் தரைத்தளத்துக்கு மேல் 4 மாடியும் 10 மாடியும் கொண்ட, நம் ஊரில் நாள்தோறும் பார்க்கும் உயரத்துக் கட்டடங்களே!

13. சில தூண்கள் போனாலே 11 மாடியும் போகும், தெரியுமா?

நாம் கண்ணால் பார்த்த சான்று இது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். நிலநடுக்கமே இல்லை! பக்கத்தில் நின்ற இன்னொரு 11 மாடியை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். எல்லா மாடியிலும் வெடி வைக்கவில்லை. சில தளங்களின் தூண்களில் மட்டும்தான். சில விநாடிகளில் மொத்தமும் தரைமட்டம்!

14. பின்னலாடைத் தொழிலுக்கு இதில் இருக்கும் பங்கு, தெரியுமா?

2013 ஏப்ரல் 24. டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா. எட்டு மாடி. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கட்டிய இடத்தில் தையல் மெஷின்களும் ஜெனரேட்டர்களும் ஏறின. அனுமதியில்லாமல் மாடிகளும் ஏறின. முந்தைய நாளே தூண்களில் விரிசல் தெரிந்தது. மறுநாள் தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,134 பேர் இறந்தார்கள். நம்மைப் போலவே பனியனும் சட்டையும் தைத்தவர்கள்!

அதே ஆண்டு பங்களாதேஷில் உலக பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தன. துணியின் தரத்தோடு தூணின் தரத்தையும் பையர்கள் கேட்கும் காலம் பிறந்தது. ஆர்டர் வாங்கித் தரும் ஆவணங்களில் கட்டடத்தின் ஸ்டெபிலிட்டி சான்றிதழும் ஒன்றாகிவிட்டது.

15. நீங்களும் கேட்கலாம், தெரியுமா?

கட்டடம் கட்டுகிறீர்களா, வாடகைக்கு எடுக்கிறீர்களா, ஃபிளாட் வாங்குகிறீர்களா? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்:

• எந்தத் தூணாவது தரைவரை இறங்காமல் நிற்கிறதா? எந்த மாடியில்?
• லிஃப்ட் சுற்றுச்சுவர் அஸ்திவாரம் வரை வெட்டுப்படாமல் போகிறதா?
• பார்க்கிங் தளத்தில் ஷியர் வால் இருக்கிறதா?
• டிரான்ஸ்ஃபர் ஃப்ளோரைத் தாங்கும் தூண்களில் முழு உயரத்துக்கும் நெருக்கமான ரிங் கட்டியிருக்கிறதா? கான்கிரீட் போடும் முன் படம் எடுத்து வைத்திருக்கிறார்களா?
• மண் பரிசோதனை அறிக்கை எங்கே?
• ஒவ்வொரு தளத்திலும் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ ஏற்றலாம்?

பழைய கட்டடமா? அதற்கும் வழி இருக்கிறது! தூணைச் சுற்றிக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுப் பருமனாக்கலாம், தரைத்தளத்தில் புதிய ஷியர் வால் எழுப்பலாம், எஃகுக் குறுக்குச் சட்டம் பொருத்தலாம். கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போதே பகுதி பகுதியாகச் செய்யக்கூடிய வேலைகள் இவை.

டிரான்ஸ்ஃபர் ஃப்ளோர் குற்றமல்ல. எடை வழிமாறும் இடத்தைக் கட்டடத்தின் மிக முக்கியமான இடமாக மதித்து, கணக்குப் போட்டு, கம்பி கட்டி, மேற்பார்வை செய்தால் அது நிலநடுக்கத்தையும் தாங்கும். டோக்கியோ அதற்குச் சாட்சி. அங்கே மிச்சம் பிடிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அகமதாபாத் சாட்சி. தையலில் ஒரு கண்ணி விட்டாலும் செக்கிங்கில் பிடித்துவிடும் ஊர் இது. அந்தக் கண்களை அடுத்த ஸ்லாப் போடுவதற்கு முன் தூண்களின் பக்கமும் திருப்புவோம்!